முளைப்பாரிச் சட்டியில் விளக்குப் பூ

மூன்றாம் நாள் காலையில் பயறு மண்ணை முட்டிக்கொண்டு தலை காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. மீன் வாடைதான் வந்தது.

தங்கமணி ஸ்டோர் ரூம் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு, ஈரத் தலையோடு இருட்டில் நின்று, மூக்கை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். முளைப்பாரிக்கென்று ஒரு வாடை உண்டு. ஊறின பயறும் சாணியும் வைக்கோலும் புழுங்கி, மாட்டுக் கொட்டகைக்குள் மழைக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி, கதகதப்பாக மூக்கில் வந்து ஒட்டும். இது அது இல்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன்கடைக்காரன் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு, தார் ரோட்டுப் பள்ளத்தில் தேங்கி மறுநாள் வெயிலில் பாதி காய்ந்து கிடக்குமே ஒரு தண்ணீர், அந்த வாடை. அதுவும் பளிச்சென்று அடிக்காமல், தேடினால் மறைந்து, தேடாமல் நின்றால் வந்து தொட்டுவிட்டுப் போனது.

ஆறடிக்கு எட்டடி அறை. ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பையை நாலு மடிப்பாக வைத்து, ஊசி நுழைகிற வெளிச்சம்கூட வராமல் டேப் ஒட்டியிருந்தாள். தரையில் ஐந்து மண்சட்டி. அம்மனுக்கு நேர்ந்து முளைப்பாரி போட்டால் சட்டம் சட்டம்தான். இருட்டில்தான் வளரணும். காலையும் சாயந்திரமும் குளித்துவிட்டுத் தண்ணி தெளிக்கணும். போட்டவளைத் தவிர யாரும் பார்க்கக்கூடாது, ஆம்பிளை நிழல் விழக்கூடாது. எட்டாம் நாள் கோயில் பெண்கள் வந்து கும்மியடித்து எடுத்துப் போகிறவரை, உள்ளே என்ன முளைத்தது என்று வெளியே மூச்சு விடக்கூடாது. நன்றாக வந்தால் நேர்ந்தது நடக்கும். அழுகினால் நடக்காது. நடுவில் தூக்கிப் போட்டால், எதற்காக நேர்ந்தாளோ அதுவே போய்விடும்.

குந்தி உட்கார்ந்து ஒரு சட்டியில் விரலை விட்டுக் கிளறினாள். பயறு அகப்பட்டது. நசுக்கினாள். தோல் மட்டும்தான். உள்ளே ஒன்றுமில்லை. எறும்பு தின்றால் ஓட்டை இருக்கும், வண்டு விழுந்தால் மாவு கொட்டும். இதில் ஓட்டையுமில்லை, மாவுமில்லை. தோல் முழுசாக இருந்தது. உள்ளே இருந்ததை யாரோ பொறுமையாக உறிஞ்சிக் குடித்திருந்தார்கள். அடுத்த சட்டியிலும் அப்படியே. ஐந்திலும் அப்படியே.

கொசுவில் பாதிகூட இல்லாத பூச்சிகள் நாலைந்து அவள் முகத்தைச் சுற்றிக்கொண்டு போயின. சத்தமே இல்லை.

கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தாள். தரை முழுக்க விரித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல், சுவரோரமாக மெத்தையைப் போட்டு, அதில் அவள் புருஷன் ரெங்கசாமி கிடந்தார். முதலில் கட்டிலில்தான் போட்டிருந்தாள். ஒற்றை ஆளாகப் புரட்டிக் கழுவ இடுப்பு ஒத்துழைக்கவில்லை, தரைக்கு இறக்கிவிட்டாள். இருபத்தாறு வருஷம் சிமெண்ட் லோரி ஓட்டிய ஆள். ஏழு மாதத்துக்கு முன்னால் சுங்கை வே சிக்னலில் நிற்கும்போது மூளையில் ரத்தம் கட்டி, இடது பக்கம் மொத்தமும் போய்விட்டது. அந்த நேரத்திலும் வலது கால் பிரேக்கை விடவில்லை. முன்னால் நின்ற மோட்டார்க்காரப் பையன் பிழைத்தான். இவர் மரமானார். பேச்சில்லை. சோறு கொடுத்தால் விழுங்குவார், "ம்" என்பார். பசிக்கும் "ம்", வலிக்கும் "ம்", அழுகைக்கும் "ம்".

மகன் கிஷன் ஜொகூரில் வேலை செய்கிறான். கிள்ளானில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் சொல்லி வைத்துவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு. "நீயும் மனுசிதானேம்மா. காலைல ஆபீஸ் கழுவிட்டு வந்து இவரையும் கழுவுற. எத்தன நாளைக்கு?" என்றான் போனில். தப்பாகச் சொல்லவில்லை. அந்த மாதிரி இல்லத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று தங்கமணிக்குத் தெரியும். அதனால்தான் அம்மனிடம் போய் நின்றாள். எழுந்து நடக்க வேண்டாம் தாயே, லோரி ஓட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளே ஒரு வார்த்தை பேசட்டும். 'போகல' என்று அவர் வாயால் சொல்லட்டும், நான் மகனைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

தப்பு மண்ணில்தான் நடந்தது.

முளைப்பாரிக்குப் புற்றுமண் வேண்டும். மூணாவது மாடி ஃப்ளாட்டில் புற்றுக்கு எங்கே போவது? கோயில் பெண்களெல்லாம் நர்சரியில் மூட்டை மண் வாங்கினார்கள். போன வருஷம் அதில் பாதிப்பேருக்கு முளை அழுகிப்போய்விட்டது. "மருந்து போட்ட மண்ணு. சீனன் பூச்செடிக்கு விக்கிற மண்ணுல மாரியாத்தா எப்பிடி வருவா?" என்று திட்டினாள் மாரியாயி. இரண்டாம் பிளாக்கில் இருப்பவள். இருபது வருஷமாகக் கும்மிக்கு முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுக்கிறவள். "மனுசக் கால் மிதிக்காத மண்ணு வேணும்டி."

மனுசக் கால் மிதிக்காத மண் என்றதும் தங்கமணிக்குக் காடு ஞாபகம் வந்தது. அவள் தரை கழுவுகிற ஆராய்ச்சி நிலையத்துக்குப் பின்னால், பூச்சோங் பக்கமாக, சுற்றிலும் வீடமைப்பு வந்த பிறகும் மிச்சமிருக்கிற காடு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அரிசி மூட்டைப் பை இரண்டை எடுத்துக்கொண்டு நுழைந்தாள். பாதையை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, ஒரு பெரிய மரம். அதன் வேர்கள் ஆள் உயரத்துக்குப் பலகை பலகையாக எழும்பி நின்றன. இரண்டு பலகை வேருக்கு நடுவில் ஒரு மூலை. பகல் இரண்டு மணிக்கும் அங்கே இருட்டுக் கட்டியிருந்தது. முழங்கை ஆழத்துக்கு மக்கின இலை. கையை விட்டால் உள்ளே சில்லென்று, ஈரத்துணி மாதிரி, கறுப்பு மண்.

இலையைத் தள்ளும்போதுதான் அதைப் பார்த்தாள். இரண்டு மூன்று. சுண்டு விரலில் பாதி உயரம். யாரோ பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தால் கலசம் மாதிரி இருந்தது. சின்ன மண்பானை, மேலே ஒரு குடை. அட, கும்பம்! அம்மனே வழிகாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிடுங்கி எறியவில்லை. இரண்டு கையாலும் அணைத்து வேரோடு, மண்ணோடு அள்ளிப் பையில் போட்டாள்.

வேறு எவளாக இருந்தாலும் காளான் என்று தள்ளிவிட்டு மண்ணை மட்டும் எடுத்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை, நாலாம் நாள், பூ வந்தது.

கதவை ஒரு சாண் திறந்துவைத்து, ஹால் வெளிச்சத்தில் பார்த்தாள். ஐந்து சட்டியிலும் மண் வெடித்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஆறோ ஏழோ. இலை கிடையாது. காம்பு என்று பேருக்கு ஒன்று, அவித்த சேமியா மாதிரி வெள்ளையாக, அழுத்தினால் தண்ணீராகிவிடும் போல. அதன் மேல் அந்தப் பானை. ஆரஞ்சு நிறத்தில் மேலிருந்து கீழாக ரேகை ஓடி, உள்ளே விளக்கு வைத்தால் எரியும் போல மெல்லிசான தோல். பானையின் வாயிலிருந்து மூன்று வில் எழுந்து, வளைந்து, உச்சியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குல்லா போட்டிருந்தது. குல்லாவுக்கும் வாய்க்கும் இடையில் மூன்று ஓட்டை. பூச்சிகள் அதில் நுழைந்தன. வெளியே வந்ததை அவள் பார்க்கவில்லை. ஒரு பொட்டுப் பச்சை, தேடினாலும் ஐந்து சட்டியிலும் கிடையாது.

மீன் வாடை இப்போது மறையாமல் நின்றது.

பயப்பட வேண்டியதுதான். பயம் வருவதற்குள் ஹாலில் சத்தம் கேட்டது. ஓடினாள். ரெங்கசாமியின் இடது கை, ஏழு மாதமாகத் துண்டு மாதிரி கிடந்த கை, மெத்தையை விட்டு இறங்கி விரிப்பின் மேல் கிடந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மறுபடி விரிந்தன. மறுபடி மடங்கின.

"என்னாங்க... என்னாங்க! கைய ஆட்டுறீங்களா?"

"ம்" என்றார். கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தங்கமணி தரையில் விழுந்து கோயில் இருக்கிற திசைக்குக் கும்பிட்டாள். கும்பிட்டு எழுந்தபோது உள்ளங்கையில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் படிக்கட்டில் மாரியாயி மறித்தாள்.

"என்னாடி, முகமெல்லாம் பல்லு? முளை நல்லா வருதா?"

"கேக்கக்கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க."

"நான் கேக்கலாம்லா. நான் என்னா ஆம்பிளையா?" மாரியாயி மேல்மூச்சு வாங்கிச் சிரித்தாள். "சரி சொல்லாத. சனிக்கிழம மூணு மணிக்கு ஆறு பேரா வரோம். கும்மிக்கு எடம் இருக்கா? ஒன் புருசன் ஹாலுல படுத்திருக்காரே."

"திரை கட்டிடுறேன்க்கா."

"கட்டு. படுத்துக் கெடக்குற ஆம்பிளை கண்ணு பட்டா ஒண்ணும் கருகிடாது. எழுந்து வந்து கூட அடிச்சாருன்னா நல்லது."

ஐந்தாம் நாள், ஆறாம் நாள். இடது காலும் அசைந்தது. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மறந்துபோய் ஃபேன் போட்டீங்களா? உங்க வீட்டில் என்ன இவ்வளவு குளிர்?" என்று மலாயில் கேட்டாள். ஃபேன் ஓடவில்லை. ரெங்கசாமி மெலிந்திருந்தார். தங்கமணி புரட்டும்போது கை கண்டுபிடித்தது அதை. மூட்டை பாதி காலியான கனம். முகத்தில் ரத்தம் இல்லை. தின்கிற சோறு எங்கே போகிறது? உறுப்பு திரும்ப வேலை செய்தால் உடம்பு இளைக்கும்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொன்னது காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பூவைப் போனில் படம் பிடித்தாள். சட்டத்தை மீறினாள். வேறு வழியில்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் ராஜினி என்று ஒரு பெண். செடிகளைக் காயவைத்து அட்டையில் ஒட்டுகிற பிரிவு. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்த குடும்பம்; தங்கமணியைப் பார்த்தால் எழுந்து நின்று பேசுகிற பிள்ளை. படத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்டி! இது எங்க பாத்தீங்க? இத தேடி நாங்க ரெண்டு வருஷமா முட்டி தேய நடக்குறோம்!"

"காட்டுல. என்னா பூ அது?"

"இது செடின்னே சொல்ல முடியாது ஆன்டி. இலை இல்ல, பச்சை இல்ல. அப்பறம் எப்பிடி சாப்புடும்? வெயில்ல சமைக்கத் தெரியாது. மண்ணுக்குள்ள காளான் நூல் நூலா ஓடும் இல்ல? அது பெரிய மரத்து வேர்ல ஒட்டி மரத்துக்கிட்ட வாங்கும். இது அந்தக் காளான்கிட்ட புடுங்கித் தின்னும். வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளேயே இருக்கும், வேர் மட்டும், வெள்ளப் புழு மாதிரி. மழை நல்லா பேஞ்சா கொஞ்ச நாள் பூவ மட்டும் வெளிய நீட்டும். இருட்டா, ஈரமா, பெரிய மரத்து வேர் மூலையில. எல்லாக் காட்டுலயும் வராது."

"மீன் வாடை அடிக்குமா?"

"சிலது அடிக்கும். பூச்சிய கூப்புட." ராஜினி படத்தைப் பெரிதாக்கினாள். புருவம் சுருங்கியது. "இது சட்டியா ஆன்டி?"

தங்கமணி போனைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள்.

"சட்டியில வராது. இது வரைக்கும் யாரும் சட்டியில வளத்து நான் கேள்விப்பட்டதில்ல. தோண்டி எடுத்தா ரெண்டு நாள்ல செத்துடும். அதுக்கு வேர் வேணும் ஆன்டி. உசுரோட நிக்குற மரத்து வேர்." நிமிர்ந்து பார்த்தாள். "பக்கத்துல என்னா மரம் இருக்கு?"

"மரம் இல்லம்மா," என்றாள் தங்கமணி. "மூணாவது மாடி."

ராஜினி சிரித்தாள். "போங்க ஆன்டி. அப்ப அது எதத் தின்னுது?"

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஸ்ரீ கெம்பாங்கான் தாண்டும்போது மழை பிடித்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் ஓடி, வெளியே கடைகளும் தொழிற்சாலைக் கூரைகளும் கரைந்து வழிந்தன. மதியம் இரண்டுதான், விளக்குப் போட்டுக்கொண்டு லோரிகள் போயின. ஃப்ளாட் படியேறும்போது மூன்றாம் மாடிக்கு இன்னும் ஒரு மாடி இருக்கையிலேயே அந்த வாடை படியிறங்கி எதிரே வந்தது.

ரெங்கசாமி அப்படியே கிடந்தார். இடது கை மடங்கி விரிந்தது. மடங்கி விரிந்தது.

தங்கமணி அவரைப் பார்க்கவில்லை. விரிப்பைப் பார்த்தாள்.

ஸ்டோர் ரூம் கதவடியிலிருந்து மெத்தைவரைக்கும் பிளாஸ்டிக் விரிப்பு ஒரு கோடாக எழும்பியிருந்தது. கை நரம்பு எழும்பியிருக்குமே, அப்படி. நேராக ஒன்று. அதிலிருந்து கிளையாக நாலைந்து. நேற்று மிதித்து நடந்திருக்கிறாள். காலுக்குத் தெரியவில்லை.

ஓரத்தைப் பிடித்து விரிப்பைத் தூக்கினாள். சிமெண்டில் ஒட்டியிருந்து, பழைய பிளாஸ்திரி உரிகிற சத்தத்தோடு வந்தது. அடியில் சிமெண்ட் தெரியவில்லை. வெள்ளை. பஞ்சு மாதிரி, சிலந்தி நூல் மாதிரி, நூலுக்கு நடுவில் தடித்த வெள்ளை வேர்கள், பவளம் மாதிரி முடிச்சு முடிச்சாக. எல்லாம் ஒரே திசைக்கு. மெத்தைக்கு.

போர்வையை விலக்கினாள். இடது குதிகாலில் படுக்கைப் புண் இருந்தது. தினம் பவுடர் போடுவாள். பவுடர் என்று நினைத்தது பவுடர் இல்லை. குதிகாலிலிருந்து கெண்டைக்கால்வரை தோலுக்கு அடியில் வெள்ளை நூல் ஓடியது. நூல் இழுத்தது. கால் அசைந்தது.

அவர் அசைக்கவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள். யோசிக்கவில்லை. குதிகாலுக்குப் பக்கத்தில் தடிப்பாக இருந்த வேரை வெட்டினாள். வெள்ளையாகத் தண்ணீர் வந்தது. அடுத்ததை வெட்டினாள். மூன்றாவதை வெட்டியதும் ரெங்கசாமியின் மூச்சு நின்றது.

சட்டென்று. ஃபேன் சுவிட்சை அணைத்த மாதிரி.

மார்பில் கையை வைத்து அழுத்தினாள். கன்னத்தில் அடித்தாள். "என்னாங்க! என்னாங்க!" உதடு நீலமானது. வெட்டிய முனைகள் தரையில் ஒன்றையொன்று தேடின. கண்ணெதிரிலே நகர்ந்தன. தொட்டன. ஒட்டின.

மூச்சு வந்தது.

தங்கமணி கத்தரிக்கோலைத் தூரப் போட்டாள். ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடலாம். வருகிறவன் தூக்குவான். தூக்கினால் அறும். ஞாயிற்றுக்கிழமை கிஷன் வருவான். அவனும் தூக்குவான். தூக்கவிடாமல் வைத்துக்கொண்டால்? வெள்ளிக்கிழமை காலை அவரைத் துடைத்தபோது விலா எலும்பை எண்ண முடிந்தது. காட்டு மரம் பத்து ஆள் கட்டிப்பிடிக்கிற மரம், நூறு வருஷம் கொடுக்கும். சிமெண்ட் லோரி டிரைவர் எத்தனை நாள் கொடுப்பார்?

ராஜினிக்குப் போன் போட்டாள்.

"ஆன்டி, அந்த எடத்த நாளைக்கு காட்டுறீங்களா?"

"ஒண்ணு கேக்குறேன் பிள்ள. அந்தப் பூ தின்னுதுல்ல. மரம் செத்துடுமா?"

"சாகாது ஆன்டி. காளான் ஒரு மரத்த மட்டும் நம்பி இருக்காது. சுத்தி இருக்குற மரத்தையெல்லாம் அடியில சேத்துக் கட்டிடும். ஒவ்வொண்ணுகிட்டயும் கொஞ்சம் கொஞ்சம். ஒரு மரத்துக்கு முடியலன்னா இன்னொண்ணு குடுக்கும். யாருக்கும் தெரியவே தெரியாது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்," என்றாள். வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க தன் இரண்டு பாதத்தையும் அந்த வெள்ளையின் மேல் வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நோகவில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி, அப்புறம் சில்லென்று, அப்புறம் ஒன்றுமில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒரு மரம் போதவில்லை. இரண்டும் போதவில்லை.

காலை இழுத்து எடுத்தபோது தோல் வந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் படியில் சிரிப்புச் சத்தம். வளையல் சத்தம். தங்கமணி விரிப்பைச் சுருட்டி பால்கனியில் போட்டிருந்தாள். ஜன்னல்களில் கறுப்புப் பை. ஐந்து சட்டியும் ஹால் நடுவில், மேலே வெள்ளைத் துணி. தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தாள், வெள்ளை நூலெல்லாம் கோலமாவு சிந்திய மாதிரி தெரியும்படி. மெத்தையை மறைத்துத் திரை.

இரும்புக் கிரில் கதவுக்கு வெளியே ஆறு ஜோடிச் செருப்பு வரிசையாகக் கழன்றன. மாரியாயி மஞ்சள் புடவையில் முதலில் நின்றாள். நெற்றியில் ரூபாய் அகலப் பொட்டு.

"என்னாடி இப்பிடி வத்திப் போயிட்ட? விரதம் இருந்தா செத்துப்போகச் சொன்னாங்களா?"

தங்கமணி கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்டு கையில் இருந்தது. மாரியாயியின் பாதத்தைப் பார்த்தாள். வெடித்த குதிகால், மெட்டி, மஞ்சள் பூசின விரல்கள். நாற்பது வருஷம் எஸ்டேட்டிலும் ஃபேக்டரியிலும் நின்ற கால். சொல்லிவிடலாம். 'வராதீங்கக்கா, முளை அழுகிப்போச்சு' என்று மூன்று வார்த்தை. போய்விடுவார்கள். நாளைக்குக் கிஷன் வருவான்.

திரைக்குப் பின்னால் மூச்சு இழுத்தது. அறுந்து, மறுபடி இழுத்தது.

"வாங்கக்கா," என்றாள். "வலது கால் எடுத்து வச்சு வாங்க."

வந்தார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். "கருவாடு வறுத்தியா? அம்மன் முளை வீட்டுல?" இன்னொருத்தி இடித்தாள், "சும்மா இருடி." மாரியாயி சட்டியைச் சுற்றி நிற்க வைத்தாள். கை தட்டி அடியெடுத்துக் கொடுத்தாள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, வலது பக்கம் ஓரடி. ஈரத் தரையில் வெறுங்கால் பச் பச்சென்று ஒலித்தது.

தங்கமணி கிரிலைப் பூட்டினாள். மரக்கதவைச் சாத்தினாள். இருட்டு வந்தது.

"எதுக்குடி கதவ சாத்துற?"

"வெளிச்சம் படக்கூடாதேக்கா. எடுக்குற வரைக்கும்."

"அதுவும் சரிதான்."

போய் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கும்மி சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாம் சுற்றில் ஒரு குரல் பாட்டில் தடுக்கியது. "கால் மரத்துப்போச்சுக்கா." நாலாம் சுற்றில் ஒரு ஜோடிக் கை தட்டுவது நின்றது. ஐந்தாவதில் இன்னும் இரண்டு.

"ஏய், யாரு நின்னது? அடிங்கடி!"

மாரியாயியின் தட்டு மட்டும். ஒன்று. ஒன்று.

ஒன்று.

நின்றது.

தங்கமணியின் கைக்குள் ரெங்கசாமியின் கை சூடாகியது. ஏழு மாதமாக இல்லாத சூடு. விரல்கள் அவள் விரலை இறுக்கின. மூச்சு இழுக்காமல், சீராக, ஆழமாக வந்தது. நாக்கு மேலண்ணத்தில் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

"தங்கமணி," என்றார்.

குழறல் இல்லை. தெளிவாக. லோரியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று கூப்பிடுகிற குரல்.

அவள் அவர் முகத்துக்கு மேல் குனிந்தாள். "என்னாங்க! பேசுறீங்களா! சொல்லுங்க, போகலன்னு சொல்லுங்க, மகன் வந்தா போகலன்னு..."

"தண்ணி," என்றார்.

அதே நேரம், அதே குரலில், திரைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. தண்ணி. ஒரு தொண்டை இல்லை. ஆறு.

திரையை இழுத்தாள். கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. வட்டமாக நின்றிருந்தார்கள். குனிந்து தட்டப்போனவள் குனிந்தபடி, நிமிர்ந்தவள் நிமிர்ந்தபடி. கண் திறந்திருந்தது. மாரியாயியின் கை இரண்டும் தட்டுவதற்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றன. கணுக்கால்வரைக்கும் வெள்ளை. விரல் இடுக்குகளில் மண்ணே இல்லாத சிமெண்டை முட்டிக்கொண்டு, சின்னச் சின்னப் பானைகள் குல்லா போட்டுக்கொண்டு எழும்பிக்கொண்டிருந்தன. பூச்சிகள் அவர்கள் வாய்க்குள் போயின.

ஆறு வாயும் ஒன்றாகத் திறந்தன. ரெங்கசாமியின் வாயும் திறந்தது.

"தண்ணி."

குழாய் பத்தடியில் இருந்தது. தங்கமணி எழுந்தாள். இடுப்பு எழுந்தது. முழங்கால் எழுந்தது. பாதம் வரவில்லை.

குனிந்து பார்க்கவில்லை.

கோயில் பக்கம் மேளம் கேட்டது, முளைப்பாரிக்குக் காத்திருக்கிறார்கள். இன்னும் வரவில்லையே என்று தேடி வருவார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு.

மறுபடி எல்லா வாயும் திறந்தன. இந்தத் தரம் எட்டு.

அவள் தண்ணி கேட்கவில்லை. அவள் வாய் கேட்டது.